கேரம் பலகையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

தேனியிலும் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் கேரம் பலகையைச் சுற்றி அமர்ந்துவிடுகின்றனர். "ஹஜ்ரத், இது ஆகுமா?" என்று மதரஸாவில் அவர்கள் நம்மிடம் கேட்பதும் வழக்கம். விடை சொல்லுமுன் இவ்விளையாட்டு வந்த வழியைச் சற்றுப் பார்ப்போம்.

கேரம் எவ்வூரில் பிறந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இந்தியத் துணைக்கண்டமே அதன் தாய்மண் என்பதே பெரும்பாலோர் கருத்து. முதல் உலகப் போருக்குப் பின் அது மக்களிடையே பரவியது. 1988 அக்டோபரில் பன்னாட்டுக் கேரம் சம்மேளனம் நம் சென்னையில்தான் தோற்றுவிக்கப்பட்டது. 74 சென்டிமீட்டர் சதுர ஆடுபரப்பு, ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு, 15 கிராமுக்கு மிகாத ஸ்ட்ரைக்கர் என்று உலகெங்கும் ஒரே விதியாயிற்று. 1991இல் தில்லியில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் வென்றவர் சென்னையின் மரிய இருதயம். 1995இலும் பட்டம் அவருக்கே. அர்ஜுனா விருது பெற்ற கேரம் வீரர் அவர்.

நம் ஃபிக்ஹு நூல்கள் எழுதப்பட்ட காலத்தில் கேரம் இல்லை. ஆகவே, அவற்றில் உள்ள சதுரங்கம், பகடை பற்றிய விவாதங்களிலிருந்தே நாம் அளவுகோலை எடுக்க வேண்டியுள்ளது. பகடையாட்டத்தை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. சதுரங்கத்தில் கருத்து வேறுபாடு உண்டு. நம் பகுதி ராவுத்தர்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் அது வெறுக்கப்பட்டது. ஷாஃபிஈ மத்ஹபில் பந்தயமின்றி, தொழுகை தவறாமல் ஆடினால் ஹராம் என்னும் அளவுக்குப் போவதில்லை. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதின் அப்பாஸிய அரசவையில் பெரும் சதுரங்க வல்லுநராக விளங்கிய அபூபக்ர் அஸ்ஸூலி, இலக்கியமும் வரலாறும் கற்ற அறிஞரும்கூட.

கேரமில் பகடை இல்லை. விரலும் கண்ணும் கணக்குமே தீர்மானிக்கின்றன. சிவப்பைப் போட்டவர் தொடர்ந்து தம் காயொன்றையும் போட்டு அதை உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் சிவப்பு மீண்டும் நடுவுக்கு வரும். புதிதாகக் கற்பவன் வேகத்தையே திறமை என்று எண்ணி ஓங்கிச் சுண்டுவான். காய் குழியின் விளிம்பில் மோதித் திரும்பும். மெல்லத் தள்ளினாலே போதும் என்பது கைக்குப் பிடிபடப் பல நாளாகும். பொறுமையைக் கற்பிக்க இதைவிட நல்ல பலகை வேறு உண்டோ என்று நமக்கே சில வேளை தோன்றுவதுண்டு.

நாம் அஞ்ச வேண்டிய இடம் வேறு. தோற்றவன் போர்டு வாடகை கட்டுவது, தோற்றவன் தேநீர் வாங்கித் தருவது ஆகியவற்றை இளைஞர்கள் பந்தயமென்றே கருதுவதில்லை. ஆடுவோர் தம் பொருளை வைத்து, வென்றவர் அதை அடைவதே சூது. தொகை பத்து ரூபாயானாலும் பெயர் மாறாது. ஆடாத ஒருவர் வென்றவருக்குத் தரும் அன்பளிப்பு வேறு. அடுத்தது, மஃரிப் பாங்கு சொல்லியும் எழாத கால்கள். "இந்த ஒரு போர்டு மட்டும்" என்பது ஒருபோதும் ஒரு போர்டோடு நின்றதில்லை.

பலகையைச் சுற்றி ஆண்பிள்ளைகளை மட்டுமே காண்பதும் யோசிக்கத்தக்கது. வியாசர்பாடியின் இளவழகி 2008இல் உலகச் சாம்பியன் ஆனார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் பதினேழு வயதில் மூன்று தங்கம் வென்ற காசிமா, சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். நம் சமுதாயப் பெண். கற்பித்தவரும் தந்தையே. தெருமுனை மன்றத்துக்கு மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோரின் மனம் நமக்குப் புரியாமலில்லை. ஆயினும் இரண்டரை அடிப் பலகை நம் வீட்டுக் கூடத்தில் கொள்ளும். அசர் முடிந்து மஃரிபுக்குள் இரண்டு ஆட்டம் ஆட நேரமும் கிடைக்கும்.