ஊர்க்குப்பையும் ஊர் எருவும்

ஓர் ஊரின் நாகரிகத்தை அதன் கோபுரத்தைக் கொண்டு அளப்பவர் உண்டு. அதன் நூலகத்தைக் கொண்டு அளப்பவரும் உண்டு. அவ்வூரின் குப்பை எங்கே போகிறது, அதனை யாருடைய கை தொடுகிறது என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆயினும், சென்ற நூறு ஆண்டுகளில் அறிஞர் சிலரும் சிற்றூர்கள் சிலவும் இக்கேள்விக்கு விடை தேடியிருக்கின்றன. சமையலறைக் கழிவை எருவாக்கக் கற்றுக்கொண்ட அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

இவ்வரலாற்றின் ஒரு சிறந்த அதிகாரம் இந்தூரில் எழுதப்பட்டது. ஆல்பர்ட் ஹோவார்டு என்னும் ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் 1905-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். உழவர்க்குக் கற்பிக்க வந்த அவர், உழவரிடமிருந்தே பலவற்றைக் கற்றார். 1924-இல் இந்தூரில் பயிர்த்தொழில் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, 1931 வரை அங்கே ஆய்வு நடத்தினார். பருத்தித்தண்டு, சருகு, களை முதலியவற்றைச் சாணத்தோடும், கோமியம் ஊறிய மண்ணோடும், சாம்பலோடும் அடுக்கடுக்காக இட்டு, நீர் தெளித்து, குறித்த நாள்களில் கிளறிவிட்டால் ஏறத்தாழ மூன்று மாதங்களில் நல்ல எரு கிடைக்கும் என்று அவர் காட்டினார். யஷ்வந்த் வாட் என்னும் இந்திய அறிஞருடன் சேர்ந்து 1931-இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே ‘இந்தூர் முறை’ பல நாடுகளுக்கும் பரவியது.

இம்முறையில் மந்திரம் ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே இங்கு வேலை செய்கின்றன. அவற்றுக்குக் காற்று வேண்டும், அளவான ஈரம் வேண்டும், உணவும் வேண்டும். அவ்வுணவில் நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு வரை இருத்தல் நலம். சருகிலும் வைக்கோலிலும் கார்பன் மிகுதி. காய்கறித் தோலிலும் எஞ்சிய சோற்றிலும் ஈரமும் நைட்ரஜனும் மிகுதி. ஆகவே, சமையற்கழிவைத் தனியே குவித்தால் அது காற்றின்றி அழுகி நாறும். சருகோடு கலந்து குவித்தால் சூடேறி மக்கும். குவியலின் உள்வெப்பம் 55 பாகை செல்சியசைக் கடந்து சில நாள் நீடிக்குமாயின், நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் மடிந்துபோகும்.

இந்தூர் முறை வயலுக்கு ஏற்றது. நகரத்தின் குப்பையை என்செய்வது? இதற்கு விடை தேடியவர் சி. என். ஆச்சார்யா. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 1939-இல் அவர் உருவாக்கியதே ‘பெங்களூர் முறை’. நகரக் குப்பையையும் மனிதக் கழிவையும் குழிகளில் மாறி மாறி அடுக்கி, மேலே மண்ணால் மூடிவிட்டால், கிளறாமலேயே சில மாதங்களில் எரு ஆகிவிடும். செலவு குறைவு, பயன் மிகுதி. நகராட்சிகள் பல இம்முறையை மேற்கொண்டன.

ஆனால் இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். அக்குழிகளுக்கு மனிதக் கழிவைச் சுமந்து சென்றவர் யார்? பிறப்பின் பெயரால் அத்தொழிலில் தள்ளப்பட்ட மக்கள் அல்லரோ? கழிவை மனிதர் கையால் அள்ளும் கொடுமையைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. எருவின் கணக்கை எழுதும்போது, அதற்காகத் தாழ்த்தப்பட்ட வாழ்க்கைகளின் கணக்கையும் எழுதுவதே நேர்மையான வரலாறு ஆகும்.

இதற்கிடையே குப்பையும் மாறிவிட்டது. முன்னாளில் வீட்டுக் குப்பை என்றால் சாம்பல், மண், இலை, காய்கறித் தோல் ஆகியவையே. பின்னர்ப் பிளாஸ்டிக் வந்தது. உடைந்த கண்ணாடியும் மின்கலமும் வந்தன. எல்லாவற்றையும் ஒரே வண்டியில் அள்ளி, பிறகு பொறியால் பிரித்துவிடலாம் என்று பல நாடுகள் நம்பின. இந்தியாவிலும் 1970-களில் பெருநகரங்கள் சிலவற்றில் இயந்திர எரு ஆலைகள் எழுந்தன. அவற்றுள் பல நிலைக்கவில்லை. செலவு ஏறியது, எருவிலோ கண்ணாடித் துண்டுகள் கலந்திருந்தன, அதனை உழவர் விரும்பவில்லை. சேற்றில் சிந்திய பாலைத் திரும்பவும் பாலாக எடுக்க முயல்வது போன்றதே அவ்வேலை.

இச்சிக்கலுக்கு வழிகாட்டிய ஊர்களுள் ஒன்று மிகச் சிறியது. ஜெர்மனியில், வெர்ரா ஆற்றங்கரையில், ஏறத்தாழ 15,000 மக்கள் வாழும் விட்சன்ஹவுசன் என்னும் ஊர் அது. செர்ரிப் பழத்துக்குப் பெயர்பெற்ற அவ்வூரில் கேசல் பல்கலைக்கழகத்தின் வேளாண் துறை இயங்கி வருகிறது. அத்துறையினரின் முயற்சியால், 1983-இல், சமையற்கழிவுக்கும் தோட்டக்கழிவுக்கும் எனத் தனித்தொட்டி ஒன்று வீடுகளுக்கு வழங்கப்பட்டது. அந்நாட்டில் அதுவே முதல் முயற்சி. மக்கள் வீட்டிலேயே பிரித்துத் தொட்டியில் இட்டுத் தெருவோரம் வைத்தனர். வண்டி வந்து எடுத்துச் சென்றது. கலந்த குப்பையின் எருவைவிட இவ்வெருவில் ஈயம் முதலிய கன உலோகங்கள் மிகக் குறைவாக இருந்தன. சிற்றூர் ஒன்றின் இச்சோதனை நாடெங்கும் பரவியது. உயிர்க்கழிவைத் தனியே சேகரித்தல் 2015 முதல் ஜெர்மனியில் சட்டக் கடமையாயிற்று. ஐரோப்பிய ஒன்றியமும், 2023-ஆம் ஆண்டு முடிவதற்குள், உயிர்க்கழிவு தோன்றும் இடத்திலேயே மக்கவைக்கப்பட வேண்டும், அல்லது தனியே சேகரிக்கப்பட வேண்டும் என்று தன் உறுப்பு நாடுகளுக்கு விதித்தது.

இந்தியாவும் வாளாவிருக்கவில்லை. 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கை ஒட்டி, 2000-இல் நகரத் திடக்கழிவு விதிகள் பிறந்தன. 2016-ஆம் ஆண்டின் விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் தோன்றும் தீங்கான கழிவு என மூவகையாக வீட்டிலேயே பிரித்துத் தரும் கடமையை ஒவ்வொருவர்மீதும் சுமத்தின.

இவ்வரலாறு சிற்றூர்களுக்குத் தரும் பாடங்கள் யாவை? முதலாவது, அளந்து தொடங்குதல். பதினாயிரம் பேர் வாழும் ஒரு பேரூரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 கிராம் சமையற்கழிவு என்று கொண்டால், நாள்தோறும் இரண்டு டன் சேரும். அதற்கேற்ற வண்டி வேண்டும்; இடம் வேண்டும்; அதனோடு கலப்பதற்குச் சருகும் வேண்டும். தெருவில் உதிரும் சருகை எரிக்கும் ஊர், தன் எருவின் ஒரு பாதியையே எரிக்கிறது. இரண்டாவது, தட்பவெப்பத்தை அறிதல். குளிர்நாட்டில் வாரம் ஒருமுறை வண்டி வந்தால் போதும். நம் வெயிலிலோ நாள்தோறும் எடுத்தாக வேண்டும். மூன்றாவது, எருவுக்கு உரிய வயலையும் தோட்டத்தையும் முன்னரே தேடிக்கொள்ளுதல். கொள்வார் இல்லாத எரு மீண்டும் குப்பையே ஆகும். நான்காவது, ஒரு தெருவில் தொடங்கி, குறை கண்டு திருத்தி, பிறகே ஊர் முழுவதற்கும் விரித்தல்.

இவை யாவும் ஒரு சிறு செயலையே நம்பி நிற்கின்றன. வாழைப்பழத் தோலையும் பிளாஸ்டிக் பையையும் வெவ்வேறு தொட்டியில் இடுவதற்கு வீட்டில் ஒரு நொடி போதும். அந்த நொடியை நாம் செலவிட மறுத்தால், வேலை இல்லாமல் போய்விடுவதில்லை. தூய்மைப் பணியாளர் ஒருவரின் கைக்கு அது போய்ச் சேர்கிறது. உடைந்த கண்ணாடியும் பயன்படுத்திய ஊசியும் கிடக்கும் அழுகிய குவியலில், நாள் முழுவதும் அவர் அதனைச் செய்ய நேர்கிறது. இந்தூரின் அறிவும் பெங்களூரின் முயற்சியும் நம்மிடம் முன்பே இருந்தன. விட்சன்ஹவுசன் அவற்றோடு சேர்த்தது, வீட்டார் ஒவ்வொருவரும் ஏற்ற பங்கு. நம் சட்டமும் இன்று அப்பங்கையே கேட்கிறது. மாணவர்கள் தம் வீட்டிலும் விடுதியிலும் இரண்டு தொட்டிகளை வைத்து இன்றே இதனைத் தொடங்கலாம். அதற்கு எவருடைய ஆணைக்கும் காத்திருக்க வேண்டுவதில்லை.