இணையத்தின் தோற்றமும் அதன் அடித்தளமான நம்பிக்கையும்

கடிதம், செய்தித்தாள், வங்கி, வகுப்பறை ஆகியவற்றின் பணிகளில் பெரும்பங்கினை இணையம் இன்று தன்மேல் ஏற்றுக்கொண்டுள்ளது. அதன் நன்மை தீமைகளைப் பற்றிப் பேசுவோர் பலர். அது எத்தகைய மக்களால், எத்தகைய எண்ணத்தோடு அமைக்கப்பட்டது என வினவுவோர் சிலரே. ஒருவரையொருவர் அறிந்த ஒரு சிறு கூட்டத்தாருக்காக எழுப்பப்பட்ட அமைப்பையே ஒருவரையொருவர் அறியாத உலகம் பின்னர் உரிமையாகப் பெற்றது என்பதை வரலாற்றின் வழி காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொடக்கம்

அணுகுண்டுத் தாக்குதலுக்குத் தப்பி நிற்பதற்காகவே இணையம் உண்டாக்கப்பட்டது என்பது பரவலான கூற்று. இது முழு உண்மையன்று. அமெரிக்காவின் ராண்டு நிறுவனத்தைச் சேர்ந்த பால் பாரன், போரினால் சிதையாத செய்தித் தொடர்பு முறை ஒன்றினை ஆராய்ந்து 1964இல் வெளியிட்டது மெய்யே. ஆயினும், பாதுகாப்புத் துறையின் கீழிருந்த 'ஆர்ப்பா' என்னும் ஆராய்ச்சி முகமை அமைத்த 'ஆர்ப்பாநெட்' என்ற வலையின் உடனடி நோக்கம் வேறு. விலையுயர்ந்த கணிப்பொறிகள் வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் தனித்து நின்றன. அவற்றை ஆராய்ச்சியாளர் பகிர்ந்து பயன்படுத்த வேண்டும் என்பதே அது. 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்திற்கு 'லாகின்' என்னும் சொல்லை அனுப்ப முயன்றனர். முதல் இரண்டு எழுத்துகள் சென்றதும் எதிர்முனைக் கணிப்பொறி நின்றுபோயிற்று. அவ்வாண்டின் இறுதியில் இணைக்கப்பட்டிருந்தவை நான்கு நிலையங்களே.

2. செயற்படும் முறை

தொலைபேசியில் பேசுவோர் இருவருக்கும் இடையே ஒரு வழி முழுவதும் ஒதுக்கப்படுவதே பழைய முறை. பாரனும், அவரை அறியாமலே இங்கிலாந்தின் டொனால்டு டேவிஸும், வேறொரு வழியைக் கண்டனர். நீண்ட செய்தி சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. இத்துண்டுகளுக்குப் 'பாக்கெட்' என்று பெயரிட்டவர் டேவிஸ். ஒவ்வொன்றும் பெறுநர் முகவரியைத் தாங்கித் தனித்தனியே பயணம் செய்கிறது. இடையிலுள்ள கருவி முகவரியைப் பார்த்து அடுத்த கருவிக்கு அனுப்புகிறது. ஒரு வழி அடைபட்டால் வேறு வழி நாடப்படுகிறது. சென்று சேர்ந்த துண்டுகளை ஒழுங்குபடுத்துவதும், வழியில் தவறியவற்றை மீண்டும் பெறுவதும் இரு முனைகளிலும் உள்ள கணிப்பொறிகளின் பொறுப்பு. வெவ்வேறு வகையான வலைகளையும் ஒன்றோடொன்று பேசச்செய்யும் விதிமுறையை விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்டனர். அதிலிருந்து வளர்ந்த விதிமுறைக்கு 1983 சனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் மாறியது.

இவ்வமைப்பில் ஒரு கருத்து கவனிக்கத்தக்கது. நடுவில் நிற்பது சுமந்து செல்லுமேயன்றி, சுமப்பது மெய்யோ பொய்யோ என ஆராய்வதில்லை. ஆராயும் கடமை முனைகளுக்கே உரியது.

3. நம்பிக்கையும் சோதனையும்

ஆராய்ச்சியாளர் சிலரே பயன்படுத்திய காலத்தில் இது குறையாகத் தோன்றவில்லை. 1982இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிமுறையில், அனுப்புவோர் தம்மைப் பற்றிக் கூறும் பெயர் உண்மைதானா எனச் சோதிக்கும் ஏற்பாடு இல்லை. பொய்ப்பெயரில் எழுதுவோர் உண்டாவர் என்பது அக்காலத்தில் பெரிய கவலையாக இருக்கவில்லை.

ஆயினும் எச்சரிக்கைகள் முன்னரே தோன்றின. 1978 மே மாதத்தில் கணிப்பொறி வணிகர் ஒருவர் ஏறத்தாழ நானூறு பேருக்கு வேண்டாத விளம்பரம் ஒன்றினை அனுப்பினார். 1988 நவம்பர் 2 அன்று ஓர் ஆராய்ச்சி மாணவர் வெளியிட்ட நிரல் தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளைச் செயலிழக்கச் செய்தது. கதவுகள் பூட்டப்படாத ஊரில் அந்நியர் நுழைந்துவிட்டனர் என்பதை அன்று பலர் உணர்ந்தனர்.

4. பொதுமக்களின் கைக்கு

சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த 'வேர்ல்டு வைட் வெப்', இணையத்தை எளியோரும் கையாளத்தக்கதாக ஆக்கியது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதனை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. மினசோட்டா பல்கலைக்கழகம் தன் 'கோஃபர்' என்னும் போட்டி முறைக்கு அதே ஆண்டில் கட்டணம் விதிக்க முற்பட்டது. கோஃபரின் வீழ்ச்சிக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது.

இதனால் விளைந்த நன்மைக்கு ஒரு சான்று போதும். நான்காம் நூற்றாண்டின் சீனாய்ப் பிரதி இங்கிலாந்து, ஜெர்மனி, ரஷ்யா, எகிப்து ஆகிய நாடுகளில் பிரிந்து கிடக்கிறது. 2009ஆம் ஆண்டு முதல் அதன் ஏடுகளை ஒரு கிராமத்துப் போதகரும் தம் மேசையில் ஒருங்கே காண இயலும். தீமைக்கும் சான்று தொலைவில் இல்லை. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் திரிகின்றனர் என வாட்ஸ்அப் வழியே பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோவிலுக்குச் சென்ற முதிய பெண் ஒருவரை அடித்துக் கொன்றது. ஏடுகளைக் கொண்டுவந்த வலையும் வதந்தியைக் கொண்டுவந்த வலையும் ஒன்றே.

5. முடிவுரை

அவ்வாறாயின், ஆராயும் பொறுப்பை நடுவிலேயே அமைத்துவிடலாகாதா எனக் கேட்கலாம். பொய்யைத் தடுக்கும் அதிகாரம் பெற்றவர் மெய்யையும் தடுக்க வல்லவராவார் என்பதால் இவ்வழி அச்சமற்றதன்று. எனவே, முனையில் இருக்கும் மனிதரின் பொறுப்பு எவ்வகையிலும் குறைவதில்லை.

இப்பொறுப்பு இறையியல் மாணவருக்குப் புதியதன்று. ஒரு பிரதியில் காணும் பாடத்தை ஏற்குமுன், இதனை எழுதியது யார் கை, எம்மூலத்திலிருந்து எழுதினார், வேறு சான்று உண்டோ என வினவ அவர் பயிற்றுவிக்கப்பட்டுள்ளார். அவ்வினாக்களை நூலகத்திலேயே விட்டுவிட்டு, கைப்பேசியில் வந்ததை அப்படியே பிறருக்கு அனுப்புவாராயின், அவர் கற்ற கல்வி சபைக்குப் பயன்படாது. சபையாருக்கும் அதே வினாக்களைக் கற்பிப்பது இன்று போதகப் பணியின் ஒரு பகுதியாகும்.