பத்தாயிரம் கலோரியும் பசியில் வளர்ந்த உடலும்: கண்டி இளைஞர்கள் அறிய வேண்டியவை

கண்டி ரக்பி ஊர். இலங்கைப் பாடசாலைகளுக்கு இடையிலான முதலாவது ரக்பி போட்டி 1906 இல் கிங்ஸ்வூட் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையே நடந்தது. முன்வரிசையில் முட்டி நிற்பவருக்கு எடை வேண்டும் என்பது இங்கு சிறுவர்களுக்கும் தெரியும். ரக்பி ஆடாதவர்களும் ஜிம்முக்குப் போகிறார்கள். அவர்களில் தோட்டப்புற இளைஞர்களும், வடக்கு கிழக்கிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர்களும் உண்டு. மெலிந்தவர்களுக்கு அங்கே கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "கண்டதையெல்லாம் சாப்பிடு, பிறகு குறைக்கலாம்."

எங்கிருந்து வந்தது?

அளவுக்கு மிஞ்சி உண்டு எடை ஏற்றும் இந்த முறை 1930களிலேயே அமெரிக்கப் பளுதூக்குவோரிடம் பரவியிருந்தது. பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்புவது, பிறகு நிறையப் பால் குடிப்பது என்பதே அதன் அடிப்படை. நாளொன்றுக்கு ஒரு கலன், அதாவது 3.8 லீற்றர் பால் என்ற விதியும் பின்னர் வந்தது. அந்தப் பாலில் மட்டும் ஏறத்தாழ 2,300 கலோரி உண்டு.

அமெரிக்கரான புரூஸ் ரேண்டல் 1950களில் இப்படி உண்டு 180 கிலோவைத் தாண்டினார். பின்னர் அதில் பாதிக்கு மேல் குறைத்த பிறகே 1959 இல் 'மிஸ்டர் யுனிவர்ஸ்' பட்டம் வென்றார். 2016 இல் 500 கிலோவைத் தரையிலிருந்து தூக்கிய இங்கிலாந்தின் எடி ஹால் நாளொன்றுக்கு 12,000 கலோரி வரை உண்டதாகச் சொல்லியிருக்கிறார். 2017 இல் உலகின் பலசாலிப் பட்டத்தை வென்றதும், உடல்நலத்தைக் காரணம் காட்டி அந்தப் போட்டியிலிருந்து ஒதுங்கினார்.

பத்தாயிரம் கலோரியை நம் அரிசியில் கணக்கிட்டால் நாளுக்கு இரண்டே முக்கால் கிலோ வரும். ஆனால் உடல் ஒரு வாரத்தில் கட்டக்கூடிய தசைக்கு எல்லை உண்டு. அதற்கு மேல் உண்பது கொழுப்பாகவே சேரும்.

பசியை மறக்காத உடல்

அந்தக் கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியம். 1944-45 குளிர்காலத்தில் நாஸிப் படைகள் உணவை மறித்தபோது நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஆய்வாளர்கள் பல தசாப்தங்கள் கழித்துப் பரிசோதித்தனர். அவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது.

தெற்காசியர்களிடம் இன்னொன்றும் உண்டு. பார்வைக்கு மெலிந்திருந்தாலும் தசை குறைவாகவும் வயிற்றுக் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கும். ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே எங்களுக்கு நீரிழிவு வருகிறது.

இடப்பெயர்விலும் முகாமிலும் தாய்மார் கருவுற்றிருந்த காலத்துப் பிள்ளைகள் இன்று ஜிம்முக்குப் போகும் வயதில் இருக்கிறார்கள். மலையகத்தில் போர் இல்லாமலே பசி இருந்தது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம்; தோட்டப்புறத்தில் சுமார் 32 சதவீதம். இப்படி வளர்ந்த உடலில் திடீரெனக் கலோரியைக் கொட்டினால், தசைக்கு முன் வயிறு பெருக்கும் அபாயம் அதிகம்.

சிறிய உடலும் வெல்லும்

பலத்துக்குப் பெரிய உடல்தான் வேண்டும் என்பதில்லை. 2006 மெல்பேர்ன் பொதுநலவாய விளையாட்டில் இலங்கைக்குப் பளுதூக்கலில் தங்கம் வென்ற சிந்தன விதானகே 62 கிலோ பிரிவில் போட்டியிட்டவர். 2022 பேர்மிங்ஹாமில் வெண்கலம் வென்ற திலங்க இசுறு குமாரவின் பிரிவு 55 கிலோ.

எவ்வளவு உண்ணலாம்?

வழக்கமான உணவுக்கு மேல் நாளுக்கு 300 முதல் 500 கலோரி போதும். ஒரு கைப்பிடி (50 கிராம்) நிலக்கடலையும் ஒரு வாழைப்பழமும் ஏறத்தாழ 385 கலோரி தரும்.

புரதம், உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் இருந்தால் நன்று. 65 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 105 கிராம். பருப்பு 100 கிராம், முட்டை மூன்று, மீன் 150 கிராம், பால் அரை லீற்றர், அரிசி 300 கிராம் என நாள் முழுவதும் பிரித்து உண்டால் அது நிறைந்துவிடும். மீன் வாங்க முடியாத நாளில் பருப்பையும் கடலையையும் கூட்டலாம்.

எடை வாரத்துக்குக் கால் கிலோ அளவில் கூடினால் போதும். இடுப்பையும் வாரந்தோறும் அளந்து வாருங்கள். இடுப்பு மட்டும் பெருத்தால் உணவைக் குறையுங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கைக் கோடு.

முதலில் வைத்தியரிடம் போக வேண்டியவர்கள்

- குடும்பத்தில் நீரிழிவு உள்ளவர்கள் வெறும் வயிற்றில் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.
- காயத்தால் ஒரு சிறுநீரகத்தை இழந்தவர்களும், வவுனியா போன்ற சிறுநீரக நோய்ப் பகுதிகளைச் சேர்ந்தவர்களும் இரத்தத்தில் கிரியேற்றினின் அளவைப் பார்க்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.
- செயற்கைக் கால் அணிபவர்களுக்குச் சில கிலோ கூடினாலே பொருத்தும் கிண்ணம் இறுகிப் புண் வரலாம். மற்ற முழங்காலும் கூடுதல் பாரம் தாங்க நேரும்.

டப்பாவில் வருவது

புரத மாவு உணவுதான், கட்டாயமல்ல. பயிற்சிக்கு முன் அருந்தும் 'ஊக்கப் பொடிகள்' வேறு. 2011 இல் இலங்கை ரக்பி வீரர்கள் மூவரின் பரிசோதனையில் தடைசெய்யப்பட்ட மெத்தில்ஹெக்சனமைன் கண்டறியப்பட்டது. இது இத்தகைய பொடிகளில் கலந்து விற்கப்பட்ட பொருள். 2013 முதல் இலங்கையில் ஊக்கமருந்துக்கு எதிரான தனிச் சட்டமும் உண்டு. தெரியாமல் உட்கொண்டேன் என்பது வீரரைத் தடையிலிருந்து காப்பாற்றாது.

பசியோடு வளர்ந்த தலைமுறைக்கு நிறைய உண்ண ஆசை வருவது இயல்பு, அதில் வெட்கமில்லை. ஆனால் அந்த உடலுக்கு நல்ல உணவைச் சிறிது சிறிதாக, மாதக் கணக்கில், பயிற்சியோடு கொடுக்க வேண்டும்.