விடுபட்ட ஓர் எண்

ஆரணிப் பட்டைக் காண்போர் நிறத்தையும் சரிகையையும் வியப்பர். நெசவாளரோ முதலில் பாவு இழைகளின் கணக்கைப் பார்ப்பார். அது பிசகினால் கரையும் உடலும் பொருந்தா. சோழமண்டலக் கரையின் பழைய துணி வணிகத்தில் 120 இழைகள் கொண்டது ஒரு புஞ்சம் எனப்பட்டது. இந்த 120க்கு ஒரு சிறப்புண்டு. 100ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 9. 120ஐ வகுப்பவையோ 16. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுஎண்கள் இல்லை.

வகுஎண்களை ஆராய்வது முஸ்லிம் அறிஞர்கள் நெடுங்காலம் போற்றிய துறையாகும். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தாபித் இப்னு குர்ரா, ஸாபியீ சமயத்தவராயினும், அரபு மொழியில் அதற்கு அடிகோலினார். பாரசீகத்துக் கமாலுத்தீன் அல்பாரிஸீ, எண்களைப் பகா எண்களாகப் பிரித்து வகுஎண்களைக் கணக்கிடும் முறையை விளக்கினார்.

அதே துறையில், சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராயிருந்த நம் தமிழகத்து இராமானுஜன் 1915இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை இலண்டனில் வெளியிட்டார். தம்மினும் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான வகுஎண்களைப் பெற்ற எண்களே அதன் பொருள். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என அவ்வரிசை வளர்கிறது. 4, 36 ஆகிய இரண்டைத் தவிர, இவ்வகை எண் ஒவ்வொன்றிலும் மிகப் பெரிய பகா எண் ஒரே ஒரு முறைதான் பெருக்கப்பட்டிருக்கும் என்று அவர் நிறுவினார். இவ்வாய்வுக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம் அவரை வந்தடைந்தது.

அவர் தந்த அட்டவணையின் இறுதி எண் 6746328388800. அதாவது, 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. ஆறு 2கள், நான்கு 3கள், இரண்டு 5கள், இரண்டு 7கள், இவற்றுடன் 11, 13, 17, 19, 23 ஆகியவற்றைப் பெருக்கினால் இது கிடைக்கும். அடுக்கு ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2×2 என 10,080 வகுஎண்கள் வரும். கணிப்பொறி இல்லாத காலத்தில் கையால் கண்ட முடிவு இது!

ஆயினும் அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுவிட்டது. அது 293318625600, அதற்கு 5,040 வகுஎண்கள் உண்டு. வியப்பென்னவெனில், இதனை 23ஆல் பெருக்கினால் கிடைப்பதுதான் அவர் எழுதிய அந்த இறுதி எண்! பின்வந்த அறிஞர்கள் இக்குறையைக் கண்டு குறித்து வைத்தனர். அவர் நிறுவிய தேற்றங்களோ சிறிதும் அசையவில்லை.

முன்னோர் பெருமையைப் பேசும்போது குறையை மறைப்பதே மரியாதை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பக்தாதையும் குர்துபாவையும் பற்றி மேடைகளில் முழங்கும்போதும் இதே நிலைதான். மறைத்துக் காக்க வேண்டிய புகழ் எத்தனை நாள் நிற்கும்? அறுந்த இழையைக் கண்டதும் தறியை நிறுத்தி முடிச்சிடுகிற நெசவாளர் பாவை இகழவில்லை; சேலையைக் காக்கிறார். அறிவைப் போற்றும் முறையும் அதுவேயன்றோ!