இருமல் இல்லை, சளி இல்லை... ஆனாலும் டிபி! கருக்குழாயைத் தாக்கும் காசநோய் பற்றித் தெரியுமா?

காசநோய் என்றதும் இருமலும் சளியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஒரு இருமல்கூட இல்லாமல் கருக்குழாயிலும் கருப்பையிலும் வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கும் காசநோயும் உண்டு. மேலை நாடுகளில் இது அரிது. இந்தியாவிலோ, குழந்தையின்மைக்கு வரும் பெண்களிடம் டாக்டர்கள் மறக்காமல் தேடும் காரணங்களில் ஒன்று.

நுரையீரல் நோய் வயிற்றுக்கு எப்படி வருது?

மூச்சுக்காற்று வழியாக நுழையும் கிருமி, ரத்தத்தில் கலந்து கருக்குழாய்களில் போய்த் தங்குகிறது. பெரும்பாலும் இரண்டு குழாய்களுமே பாதிக்கப்படும். பிறகு கருப்பையின் உள்சவ்வுக்கு இறங்கும். 20 முதல் 40 வயதுக்குள்தான் அதிகம் வெளிப்படுகிறது.

பனியன் கம்பெனிகளில் தையல், செக்கிங், பேக்கிங் என உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த வயதுப் பெண்கள்தான். பஞ்சுத் தூசியால் டிபி வராது. அது வேறு நுரையீரல் பிரச்சினை. ஆனால் காற்றோட்டமில்லாத விடுதி அறையில் நெருக்கியடித்துத் தூங்கும்போது, இருமுகிற ஒருவரிடமிருந்து கிருமி பரவலாம்.

அறிகுறி என்ன?

மாதவிடாய் குறைந்துபோவது, நின்றுபோவது, ஒழுங்கில்லாமல் வருவது, அடிவயிற்று வலி. சிலருக்கு எதுவுமே இருக்காது. கல்யாணமாகி வருஷங்கள் கழித்து, குழந்தை இல்லையே என்று போகும்போதுதான் தெரியவரும்.

இங்கே ஒரு சிக்கல். தமிழ்நாட்டின் ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்கு, பெயர்கூடத் தெரியாத மாத்திரைகள் கொடுக்கப்படுவதாக 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை செய்தி வெளியிட்டது. மாத்திரையால் வலி அமுங்கும், வேலையும் நிற்காது. உள்ளே காரணம் அப்படியே இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எக்ஸ்ரே பல நேரம் நார்மலாகவே இருக்கும். கருப்பை உள்சவ்விலிருந்து சிறு திசு எடுத்து, நுண்ணோக்கியிலும் கல்ச்சரிலும் மரபணுப் பரிசோதனையிலும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி. ரத்த ஆன்டிபாடி டெஸ்ட்டை வைத்து 'டிபி இருக்கு' என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். அந்த டெஸ்ட்டுகளை மத்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது.

சிகிச்சை?

வழக்கமாக 6 மாத மாத்திரை. அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்காக மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் இது ரூ.500 ஆக இருந்தது. மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் அது கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும்.

சம்பளம் போய்விடுமே என்ற பயம்தான் பலரைத் தள்ளிப்போட வைக்கிறது. இஎஸ்ஐ-யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் காசநோய் இருக்கிறது. 2 ஆண்டு தொடர் பணி, போதிய சந்தா நாட்கள் இருந்தால், சான்றளிக்கப்பட்ட விடுப்புக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். பீஸ் ரேட்டில், இஎஸ்ஐ பிடித்தமே இல்லாமல் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வழி இல்லை.

குழந்தை பிறக்குமா?

சீக்கிரம் பிடித்தால் வாய்ப்பு உண்டு. கிருமி செத்தாலும், தழும்பேறி அடைத்த குழாய் பெரும்பாலும் திறக்காது. கருப்பைச் சவ்வு நன்றாக இருந்தால் ஐவிஎஃப் கைகொடுக்கலாம். சவ்வும் ஒட்டிப்போயிருந்தால் அதுவும் கடினம்.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டும் கர்ப்பமாகவில்லை என்பதற்காக மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. இதைக் கணவர் வீட்டாரும் சேர்ந்து டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சந்தேகம் இருந்தால் 104-ஐ அழைக்கலாம்.