முறிந்த கால் எவ்வளவு எடை தாங்கலாம்? காலணிக்குள் இருந்து கணக்கிடும் சென்சார்கள்

கால் எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை பெற்று வீடு திரும்புவோரிடம், 'காலில் கால் பங்கு எடையை மட்டும் ஊன்றுங்கள்' என மருத்துவர்கள் அறிவுறுத்துவது உண்டு. 60 கிலோ எடை கொண்ட ஒருவருக்கு அது 15 கிலோ. ஆனால், நடக்கும்போது காலில் இறங்குவது 15 கிலோவா, 30 கிலோவா என்பதை நோயாளியால் உணர்ந்து சொல்ல இயலாது. இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகவே, காலணிக்குள் பொருத்தப்படும் எடை உணரும் சென்சார்கள் உருவாக்கப்பட்டுள்ளன.

அளவு ஏன் முக்கியம்?

எலும்பு கூடுவதற்கு முன்பே அதிக எடை ஊன்றினால், முறிவைப் பிடித்திருக்கும் தகடோ திருகோ தளரலாம், உடையலாம். எலும்பு இடம் பெயரலாம். மாறாக, காலை அறவே ஊன்றாமல் இருந்தால் தசைகள் மெலியும், மூட்டுகள் இறுகும், எலும்பின் அடர்த்தி குறையும். எலும்பு தன்மீது விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றியமைத்துக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் விளக்கினார். எனவேதான் காலை ஊன்றாத நிலை, தரையை மட்டும் தொடும் நிலை, பகுதி எடை, முழு எடை எனப் படிப்படியாகச் சுமை கூட்டப்படுகிறது.

பழைய முறையும் அதன் குறையும்

எடை பார்க்கும் கருவியின் மீது காலை வைத்து, முள் குறிப்பிட்ட அளவைத் தொடும்வரை அழுத்திப் பழகுவதே நீண்டகால வழக்கம். இது நின்ற நிலையில் பெறும் பயிற்சி மட்டுமே. இயல்பாக நடக்கையில், ஒவ்வோர் அடியிலும் பாதத்தின் மீதான விசை உடல் எடையைவிடச் சற்று அதிகமாகவே உயரும். இதனால் ஊன்றுகோலுடன் நடப்போர் தம்மை அறியாமலே வரம்பைத் தாண்டிவிடுகின்றனர்.

செயல்படும் விதம்

வரம்பு மீறினால் ஒலி எழுப்பும் கருவிகள் 1970-களிலேயே சோதிக்கப்பட்டன. தற்போதைய கருவிகளில், காலணியின் உள்ளே விரிக்கும் மெல்லிய அட்டையில் சென்சார்கள் பதிக்கப்பட்டுள்ளன. அழுத்தம் கூடும்போது சிலவற்றில் மின்தடையும், வேறு சிலவற்றில் மின்தேக்குத் திறனும் மாறும். அம்மாற்றத்தைக் கொண்டு விசை கணக்கிடப்படுகிறது. மருத்துவர் நிர்ணயித்த அளவைத் தாண்டியவுடன் ஒலி அல்லது அதிர்வு மூலம் எச்சரிக்கை வரும். பதிவான தகவல்கள் புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குச் செல்வதால், வீட்டில் நோயாளி எவ்வாறு நடந்தார் என்பதை இயன்முறை மருத்துவர் பின்னர் பார்த்து, பயிற்சியைத் திருத்த முடியும்.

கவனிக்க வேண்டியவை

இக்கருவி அளப்பது பாதத்தின் கீழ் உள்ள விசையை மட்டுமே. தசைகள் இழுப்பதால் எலும்பின் மீது விழும் சுமை அதில் தெரியாது. வெப்பம், வியர்வை, தொடர் பயன்பாடு ஆகியவற்றால் அளவீடு பிறழக்கூடும் என்பதால், அவ்வப்போது சரிபார்ப்பது அவசியம். இந்தியாவில் வேறொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. வீட்டிற்குள் வெறுங்காலுடன் நடப்பதே இங்கு பரவலான வழக்கம். காலணியைக் கழற்றியபின் வைக்கும் அடிகள் எதுவும் பதிவாகாது. ஆகவே, இக்கருவியைப் பயன்படுத்துவோருக்கு வீட்டினுள் அணிய, பின்பட்டையுடன் கூடிய தனிக் காலணி தேவைப்படும்.

அனைவருக்கும் இத்தகைய கட்டுப்பாடு விதிக்கப்படுவதில்லை. இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை பெற்ற முதியோரை, தாங்கும் அளவுக்கு எடை ஊன்றி விரைவில் நடக்குமாறு பல மருத்துவர்கள் ஊக்குவிக்கின்றனர்.

எலும்பு கூடிவிட்டதா என்பதை சென்சார் சொல்லாது. எக்ஸ்ரே படத்தையும் வலியின் தன்மையையும் ஆராய்ந்து, வரம்பை எப்போது உயர்த்தலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.