பட்டாணியும் குச்சியும்

ஒரு மர உருண்டை, சில மரக்கட்டைகள், ஒரு பிடி பட்டாணி, கொஞ்சம் குச்சி. இவற்றைக் கண்டு ஒரு ராஜாங்கம் பயந்தது என்றால் நீங்கள் நம்புவீர்களா? சரித்திரத்தில் யுத்தங்களையும் முடிசூட்டு விழாக்களையும் தேடிப் போவது என் போன்ற கதைக்காரர்களின் வழக்கம். ஆனால் 1851-ம் ஆண்டில் பிரஷ்யாவில் நடந்த இந்தச் சம்பவத்தைப் படித்த பிறகு, பல யுத்தங்கள் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டன.

இதன் கதாநாயகர் ஃபிரோபெல். 1782-ல் ஜெர்மனியின் துரிங்கியா மலைப் பிரதேசத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தவர். ஒரு வயது நிரம்புவதற்குள் தாயை இழந்தவர். தமக்குக் கிடைக்காத தாய் விளையாட்டை ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் தேடிக் கொடுத்தாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வாலிபத்தில் பெர்லின் நகரத்துக் கனிமக் காட்சிசாலையில் உதவியாளராக இருந்தார். விதவிதமான படிகக் கற்கள் சில எளிய வடிவங்களுக்குள் அடங்கிவிடுவதை அங்கே கண்டார். அந்த ஒழுங்கைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன?

1837-ல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் அந்த வேலையைத் தொடங்கினார். முதலில் நூல் கட்டிய ஆறு வண்ணக் கம்பளிப் பந்துகள். அடுத்து மரத்தில் ஓர் உருண்டையும் ஒரு சதுரக் கட்டையும். கட்டையை நூலில் தொங்கவிட்டு முறுக்கிச் சுழலவிட்டால், மூலைகள் மாயமாய் மறைந்து ஓர் உருளை தெரியும். நின்றதும் பழைய கட்டைதான்! பிறகு எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு பெரிய கட்டை. அரை, கால், அரைக்கால் என்ற கணக்கெல்லாம் சிலேட்டும் பலப்பமும் இல்லாமலே பிஞ்சு விரல்களுக்கு வந்துவிடும். கடைசியில் ஊறவைத்த பட்டாணியில் குச்சிகளைச் செருகி வீடும் கோபுரமும் கட்டுவது. 1840-ல் தமது பள்ளிக்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கென்றே 1844-ல் பாட்டும் விரல் விளையாட்டுமாக ஒரு புத்தகமும் போட்டார்.

வந்தது வினை. அவருடைய அண்ணன் மகன் கார்ல் எழுதிய ஒரு பிரசுரத்தை இவர் தலையில் கட்டி, நாஸ்திகமும் சோஷலிஸமும் பரப்புகிறார் என்று குற்றம் சாட்டி, 1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு தோட்டங்களை மூடச் சொல்லிவிட்டது. கிழவர் விளக்கம் எழுதிப் பார்த்தார். உத்தரவு அசையவில்லை. மறு வருஷம் ஜூன் மாதம் கண்ணை மூடினார். தடை நீங்கியது 1860-ல்.

ஆனால் விளையாட்டு அதற்குள் கடல் தாண்டிவிட்டது. 1848 புரட்சி தோற்றபின் நாட்டை விட்டு வெளியேறியவர்களில் ஒருவரின் மனைவி மார்கரெத் ஷூர்ஸ். அந்த அம்மாள் 1856-ல் அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில், தம் வீட்டிலேயே, தம் மகளுக்கும் உறவுக் குழந்தைகளுக்குமாக இதைத் தொடங்கினார். அந்த நாட்டின் முதல் கிண்டர்கார்ட்டன் அதுதான்.

1899-ல் அதே நாட்டில், கண்பார்வை மிகக் குறைவான ஒரு நான்கு வயதுப் பையனிடம் பட்டாணியும் குச்சியும் வந்தன. மற்றக் குழந்தைகள் கண்ணால் பார்த்த வீடுகளைப்போல் சதுரம் சதுரமாகக் கட்டின. இவன் தடவித் தடவிப் பார்த்தான். சதுரம் சாய்ந்தது; முக்கோணம் மட்டும் அசையாமல் நின்றது. முக்கோணங்களாகவே கட்டினான். ஆசிரியை வியந்துபோய் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாராம். பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற அந்தப் பையன் வளர்ந்து, முக்கோணங்களால் பின்னிய சட்டத்துக்கு 1961-ல் காப்புரிமை பெற்றார். 1967-ல் மாண்ட்ரீல் கண்காட்சியில் அவர் எழுப்பிய பிரம்மாண்டமான கோளத்தை உலகமே அண்ணாந்து பார்த்தது.

இப்போது 'ஸ்டெம்' என்ற பெயரில் பெட்டி பெட்டியாக விளையாட்டுச் சாமான் விற்கிறார்கள். வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். மற்றவர்கள் இரவே ஒரு பிடி பட்டாணியை ஊறப்போடலாம். விளக்குமாற்று ஈர்க்குச்சியைக் கழுவி, விரல் நீளத்துக்கு ஒடித்து, முனையை மழுக்கிக் கொடுக்கலாம். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், பட்டாணிக்குக் குழந்தையின் மூக்கைக் கண்டால் தனிப் பிரியம்! சதுரம் சாயும்போது மட்டும் காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள். குறுக்கே வைக்க இன்னொரு குச்சியை அதன் கைக்கு எட்டும்படி போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.